ஆணையும் வயலும்: பசளைத் தடையின் கருத்துநிலை பற்றிய சில குறிப்புகள்

1

இலங்கையின் கமத்தொழில் வரலாற்றில் 2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி மறக்கற்பாலதன்று. இரசாயனப் பசளைகள், பீடைகொல்லிகள், களைகொல்லிகள் ஆகியவற்றின் இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி அறிவித்தல் அன்றுதான் வெளிவந்தது. பத்தாண்டுக் காலத்தில் படிப்படியாக இயற்கைப் பசளைக்கு மாறுவதாக 2019ஆம் ஆண்டின் சனாதிபதித் தேர்தலில் வாக்குறுதியளித்த கோட்டாபய இராசபக்ச, பதவியேற்று ஒன்றரை ஆண்டு கழிவதற்குள், அப் பத்தாண்டையும் ஒரே நாளாகச் சுருக்கினார். தேயிலைக்கான இறக்குமதிக்கு அவ்வாண்டு ஒக்டோபரிலே வழி திறக்கப்பட்டது. நவம்பர் இறுதியிலே தடை முழுவதும் விலக்கப்பட்டது. ஏழு மாதங்கூட நிலைக்காத ஓர் ஆணை, இரு போகங்களைத் தின்று தீர்த்தது.

இந் நிகழ்வு பற்றி இன்று இருவகை விளக்கங்கள் வழங்கிவருகின்றன. நவீன வேளாண்மை ஒன்றே அறிவியல் சார்ந்தது, இயற்கை வேளாண்மை பேசுவோர் கற்பனாவாதிகள், இலங்கை அதனை உலகுக்கு நிரூபித்துக் காட்டிவிட்டது என்பது ஒன்று. நோக்கம் சரியானது, பன்னாட்டுக் கம்பனிகளும் அவற்றின் பிடியிலிருந்த அதிகாரிகளும் அதனைக் கெடுத்தனர், அவசரம் ஒன்றே குறை என்பது மற்றையது. முன்னது தாராண்மைவாதப் பொருளியலாளரிடமும் பின்னது தேசியவாதிகளிடமும் பெரிதும் காணப்படுவதாயினும், முற்போக்காளர் சிலரும் தத்தம் சார்புக்கேற்ப இவற்றில் ஒன்றைத் தழுவியிருப்பதை அவதானிக்கலாம்.

இவ்விரு விளக்கங்களும் ஒரே தளத்தில் நின்றே மோதுகின்றன என்பது எமது கருத்து. பசளைப் பையினுள் இருப்பது யாது என்பதையே இரண்டும் விசாரிக்கின்றன. அப் பையை இட வேண்டும் என்றும், பின்னர் இடலாகாது என்றும் கமக்காரனுக்குக் கட்டளையிடும் அதிகாரம் எங்கிருந்து பிறந்தது என்பதை இரண்டுமே கேட்பதில்லை. இக் கட்டுரை அவ் வினாவை முதன்மைப்படுத்த முயல்கின்றது.

2

முதலில் நேர்ந்ததை நோக்குவோம். 2020/21ஆம் ஆண்டுப் பெரும்போகத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தொன் நெல் கிடைத்தது. 2021/22 பெரும்போகத்தில் அது ஏறத்தாழ 19 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. முழு ஆண்டுக் கணக்கிலே 2021இல் 51 இலட்சம் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி, எரிபொருட் பஞ்சமும் சேர்ந்துகொண்ட 2022இல் 34 இலட்சம் தொன் அளவுக்குக் குறைந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்த நாடு 2022இல் ஏழரை இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட அரிசியை இறக்குமதி செய்தது. தேயிலையோ ஏறத்தாழ 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடி கிலோவாக ஓராண்டிற் சுருங்கிற்று. பசளைக்குச் செலவாகும் அந்நியச் செலாவணி, அரச தரப்பின் கூற்றுப்படி ஆண்டுக்கு 40 கோடி டொலர், மிச்சப்படும் என்று கூறப்பட்ட தடை, அரிசிக்குச் செலவிடவும் தேயிலை வருமானத்தை இழக்கவும் வழிசெய்தது.

இதனை முன்னறிவதற்கு ஆழ்ந்த அறிவியல் வேண்டியதில்லை. யூரியாவின் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். கூட்டெருவில் அது நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. ஒரு ஹெக்டெயருக்கு 100 கிலோ நைதரசன் வேண்டுமாயின் யூரியாவில் 220 கிலோ அளவு போதும். கூட்டெருவில் 5 முதல் 10 தொன் வேண்டும். ஏழு இலட்சம் ஹெக்டெயருக்கு மேற்பட்ட வயல்களில் ஒரு பெரும்போகம் செய்வதற்கு வேண்டிய எருவை இக் கணக்கின்படி எவரும் பெருக்கிப் பார்க்கலாம். அது பல பத்து இலட்சம் தொன்னாகும். அரசாங்கம் சீனக் கம்பனியொன்றிடமிருந்து வாங்க ஒப்பந்தஞ் செய்ததோ 99,000 தொன். முதற் கப்பலில் வந்த 20,000 தொன்னிலே தீங்கு செய்யும் பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுநோய்க் காப்பு அதிகாரிகள் கண்டு அதனை இறக்க மறுத்தனர். கடனுறுதிக் கடிதப் பணம் நிறுத்தப்பட, சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலிற் சேர்த்தது. ஈற்றில், இறக்காத அப் பசளைக்கு 60 இலட்சத்துக்கு மேற்பட்ட டொலரை இலங்கை செலுத்த நேர்ந்தது. உள்ளூர் மண்ணையும் மரபையும் காக்கவென எழுந்த கொள்கை, எருவையே கடல் கடந்து கொணர வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டமை அதன் உள்முரண்பாட்டுக்குச் சான்றாகும்.

இந்த எளிய கணக்கைச் சுட்டிக்காட்டியோர் இல்லாமலில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய அறிஞர்கள் வெளிப்படையாகவே எச்சரித்தனர். அவர்களுள் முக்கியமானவரான பேராசிரியர் புத்தி மாரம்பே அமைச்சின் பொறுப்புகளிலிருந்து விலக்கப்பட்டார். ஆகவே பிரச்சினை அறிவின்மையன்று. அறிவைக் கேட்க மறுக்கும் ஓர் அதிகார அமைப்பே ஈண்டு ஆராயப்படவேண்டியது.

3

இவ்வாணையைப் பிறப்பித்த கருத்துநிலையில் மூன்று இழைகள் பின்னியுள்ளன.

முதலாவது பொருளியல் இழை. 2019 இறுதியில் வழங்கப்பட்ட பெரும் வரிச்சலுகை, கொரோனாத் தொற்றினால் உல்லாசப் பயணத்துறை முடங்கியமை, மலைபோற் குவிந்த வெளிநாட்டுக் கடன் ஆகியவற்றால் டொலர் வற்றிய நிலையில் இறக்குமதிப் பட்டியலை வெட்ட வேண்டியிருந்தது. ஆயின் பற்றாக்குறையைப் பற்றாக்குறையெனக் கூறுதல் அரசியலில் இலகுவன்று; அதற்கு ஓர் இலட்சியப் போர்வை வேண்டும்.

இரண்டாவது உடல்நலம் பற்றிய இழை. இதனைப் புனைவென ஒதுக்கிவிடுதல் தகாது. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலே காரணம் திட்டமாக நிறுவப்படாத சிறுநீரக நோய் ஆயிரக்கணக்கான உழைப்பாளரைப் பலிகொண்டு வருகின்றது. வேளாண் இரசாயனம், கடின நீர், புளோரைட், வெயிலில் நீரின்றி உழைத்தல் எனப் பல காரணிகள் ஆராயப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலே சுண்ணாம்புக்கற் பாறையின் நன்னீரில் நைதரேற்று மிகுந்துள்ளமை 1980களிலிருந்தே ஆய்வாளரால் எடுத்துக்காட்டப்பட்டு வந்துள்ளது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செறிவாகச் செய்யப்படும் வலிகாமத்துத் தோட்டங்களுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு மறுக்கவியலாதது. மக்களின் இந் நியாயமான அச்சத்தையே 2015ஆம் ஆண்டின் கிளைபொசேற்றுத் தடையும், 2016இல் எழுந்த 'நஞ்சற்ற நாடு' என்ற முழக்கமும், பின்னர் 2021ஆம் ஆண்டின் ஆணையும் பயன்படுத்திக்கொண்டன.

மூன்றாவது, நாகரிகம் பற்றிய இழை. குளம், தாதுகோபம், வயல் என்னும் மும்மையில் ஒரு பொற்காலத்தைக் கண்டு, அதன் மீட்பராகத் தம்மைக் காட்டிக்கொள்ளுதல் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதல் மகாவலித் திட்டம் வரை ஆட்சியாளரின் வழக்கமாக இருந்துவந்துள்ளது. மகாவலியைச் சூழ்ந்த சொற்களிலே பராக்கிரமபாகுவின் பெயர் எத்துணை முறை ஒலித்தது என்பதை அக் காலத்தவர் அறிவர். அன்று அப் பொற்காலம் யூரியாவுடனும் உழவு இயந்திரத்துடனும் வந்தது. 2021இல் அவையின்றி வந்தது. உள்ளடக்கம் தலைகீழாக மாறியபோதும் வடிவம் மாறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மன்னன் அருளுகின்றான், குடி பெறுகின்றான் என்பதே அவ் வடிவம்.

4

பழமையைப் பொன்னொளியிற் காட்டும் இம் மனப்பாங்கு சிங்களத் தேசியவாதத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழ்மொழி மேடைகளில் உழவு பற்றிப் பேசப்புகும் எவரும் திருக்குறளின் உழவு அதிகாரத்தையும் மருதத்திணையையும் துணைக்கழைப்பர். ஆனால் நமது இலக்கிய மரபினுள்ளேயே இப் பொன்னொளியைக் கலைக்கும் சான்று ஒன்றுண்டு. அது பள்ளுப் பிரபந்தம்.

கதிரைமலைப் பள்ளு, நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளு என யாழ்ப்பாணமும் தனக்கெனப் பள்ளுகளை உடையது. இவ்விலக்கிய வகையின் உறுப்புகளுள் இரண்டை அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். நெல் வகைகளையும் மாட்டு வகைகளையும் ஏர்க் கருவிகளையும் நீளப் பட்டியலிடுவது ஒன்று. பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவிலே மாட்டித் தண்டிப்பது மற்றையது. வித்தின் பெயர்களை அறிந்தவன் பள்ளன். மழைக்குறியை அறிந்தவனும் அவனே. நிலமோ அவனுடையதன்று, விளைந்த நெல்லின் கணக்கும் அவனுடையதன்று. இயற்கை வேளாண்மையின் அறிவுக் களஞ்சியமென இன்று நாம் போற்றும் மரபறிவு தொழுவிலே மாட்டப்பட்ட கால்களுக்குரியவனின் அறிவு. பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு தொழுவை விட்டுவிடுவோர் மரபை மீட்கவில்லை. மரபின் உடைமையாளரை மட்டுமே மீட்கின்றனர்.

யாழ்ப்பாணத்துக் கமத்தில் குழை தாழ்த்தல், பட்டி அடைத்தல், எருச் சுமத்தல் என வழங்கிய தொழில்கள் அனைத்தும் கடும் உடலுழைப்பை வேண்டியவை. அவ்வுழைப்பைச் சாதியமைப்பே குறைந்த விலைக்கு வழங்கிற்று. பசளைப்பை வந்தபோது நிலமற்ற தொழிலாளர் சிலர் அதனை விடுதலையாகவே உணர்ந்திருப்பின் அதில் வியப்பில்லை. கூட்டெருவுக்குத் திரும்புவோம் என்பவர், அதனை இனிச் சுமக்கப்போவது யாருடைய தலை என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

5

எனில், நவீன வேளாண்மை கமக்காரனின் விருப்பத்தால் வந்ததா? அதுவும் அன்று. 1950களின் இறுதியில் பத்தலகொடவிலிருந்து வெளிவந்த எச்-4 நெல்லும், 1962இல் தொடங்கிய பசளை மானியமும், பின்னர் வந்த குட்டை நெல்லினங்களும் அரசாங்கத்தின் வழியே வயலுக்கு வந்தன. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் வயலிலிருந்து ஒதுங்கின. விளைவு பெருகிற்று என்பதில் ஐயமில்லை. பெருகிய மக்கட்தொகைக்கு அது சோறிட்டது என்பதையும் மறுத்தல் நேர்மையன்று. ஆயின் அதே வேளை கமக்காரன் பசளைக் கடைக்கும் வங்கிக்கும் ஆலை முதலாளிக்கும் கட்டுண்டான். 2005ஆம் ஆண்டுத் தேர்தலிலே 50 கிலோப் பை 350 ரூபா என அறிவிக்கப்பட்டபோது பசளை ஒரு வாக்குச்சீட்டாகவே மாறிவிட்டது. கையளவு மானியத்தாற் பழக்கப்படுத்தியதும் அரசு. ஒரே நாளில் நிறுத்தியதும் அரசு. இவ்விரண்டும் ஒரே உறவின் இரு முகங்களாகும்.

இவ்வுறவு வேறாக அமைந்திருக்கக்கூடிய தருணம் ஒன்று வரலாற்றில் இருந்தது. 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பளித்ததோடு, கமக்காரராலே தெரிவுசெய்யப்படும் பயிர்ச்செய்கைக் குழுக்களையும் உருவாக்கிற்று. குறைகள் பல இருந்தும், வயலைப் பற்றி வயலில் நிற்பவன் முடிவெடுக்கலாம் என்ற கோட்பாட்டை இலங்கைச் சட்டம் ஏற்ற இடம் அதுவே. நிலவுடைமையாளரின் எதிர்ப்பினிடையே 1959இல் பிலிப் அமைச்சரவையை விட்டு வெளியேற நேர்ந்தது. 1972, 1973ஆம் ஆண்டுச் சட்டங்கள், காணிச் சீர்திருத்தத்தின் பெயரால் முற்போக்கு முகங்கொண்டிருந்த ஓர் ஆட்சியிலேயே, தெரிவுக் குழுக்களின் இடத்தில் அமைச்சரால் நியமிக்கப்படும் குழுக்களை வைத்தன. 1977இன் பின் அவையும் போய், உத்தியோகத்தரே எஞ்சினர். 2021இல் சனாதிபதி செயலணி வந்தது. தெரிவிலிருந்து நியமனம், நியமனத்திலிருந்து செயலணி என்னும் இவ்வரலாற்றை அறியாதார்க்கு மே 6ஆந் திகதியின் வர்த்தமானி ஒரு தனிமனிதனின் மூடத்தனமாகவே தோன்றும். உண்மையில் அது அரை நூற்றாண்டுப் போக்கொன்றின் முடிவுநிலையாகும்.

6

இவ்வாணையின் சுமை எல்லோர்மீதும் ஒரேயளவாக விழவில்லை. இவ்விடத்து இரு மக்கட் பிரிவினரைச் சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும்.

ஒரு பிரிவினர் மலையகத் தோட்டத் தொழிலாளர். நீண்ட போராட்டத்தின் பின் நாட்கூலி 1000 ரூபா என்பது 2021 மார்ச்சிலே வர்த்தமானியில் வந்தது. அதன் எதிர்விளைவாகப் பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டது. இரண்டு மாதங்களில் பசளை நின்றது. செடி தளிர்ப்பது குறைந்தது. பறிக்கவேண்டிய நிறையோ குறையவில்லை. நிறை சேராதவளுக்கு எழுதப்படுவது அரைப்பேர். பசளை பற்றிய விவாதங்களிலே தேயிலை ஏற்றுமதியின் டொலர் இழப்புப் பேசப்பட்ட அளவுக்கு இந்த அரைப்பேர் பேசப்படவில்லை. ஒரு மண்ணில் நைதரசன் குறைந்ததன் விலையை, அம் மண்ணில் ஓரடியும் சொந்தமில்லாத பெண்ணொருத்தி தன் கூலியிலிருந்து செலுத்தினாள் என்பதே இத் தடையின் வர்க்க உண்மையாகும்.

மற்றைய பிரிவினர் வடக்குக் கிழக்குக் கமக்காரர். 2021ஆம் ஆண்டுத் தடை தென்னிலங்கைக்கு முதல் அனுபவமாக இருக்கலாம். வடக்கிலோ 1990 முதல் நடைமுறையிலிருந்த பொருளாதாரத் தடையின் பட்டியலிலே யூரியாவும் இடம்பெற்றிருந்தது. வெடிபொருளாகும் என்ற காரணம் கூறப்பட்டது. அன்று அதனை எவரும் இயற்கை வேளாண்மை என அழைக்கவில்லை. அன்று தெற்கிலே எழாத குரல், 2021இல் பொலன்னறுவையிலும் அம்பாந்தோட்டையிலும் கமக்காரர் வீதிக்கு இறங்கியபோது எழுந்தது. அக் குரல் நியாயமானது. ஆனால் அது முப்பதாண்டு பிந்தியது என்பதைக் குறித்துவைத்தல் வரலாற்றுக் கடமையாகும். அன்றியும், வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட செம்மண் நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டனவாயினும் முழுமையாகத் திரும்பவில்லை. போருக்குப் பின் வன்னியில் இராணுவமே பண்ணைகளை நடத்தியது. மண்ணின் நலம் பற்றிய பேச்சு, மண் யாரிடம் உள்ளது என்ற பேச்சிலிருந்து பிரிக்கத்தக்கதன்று.

7

அரசின் தடை என்றாலே தீது எனக் கொள்வதும் பொருந்தாது. இலங்கையே அதற்கு மறுதலையான சிறந்த சான்றை வழங்குகின்றது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என உலகின் மிக உயர்ந்த நிலைகளுள் ஒன்றாக இருந்தது. பெருந்தொகையினர் பீடைகொல்லி அருந்தியே மாண்டனர். கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பீடைகொல்லிகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும், பரகுவாட்டு முதலியன 2008 முதல் 2011 வரையிலும் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. இருபதாண்டுகளிலே தற்கொலை வீதம் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கிற்று. அதனால் விளைச்சல் வீழ்ந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. மருத்துவரும் விவசாய அறிஞரும் பதிவாளர் அலுவலகமும் சேர்ந்து, மாற்றுப் பொருள் உண்டா என நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்த காரியம் அது. கம்பனிகளின் எதிர்ப்பை மீறியே அது செய்யப்பட்டது. ஆரவாரமின்றி ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த அத் தடைகளுக்கு எவரும் நாகரிகப் பெயர் சூட்டவில்லை.

இந்தியாவின் சிக்கிம் மாநிலம் 2003இல் இயற்கை வேளாண்மைக்கு முடிவெடுத்து 2016இலேயே முழுமையடைந்ததாக அறிவித்தது. அங்கும் முன்னரே பசளைப் பாவனை குறைவு. அரிசி ஏனைய மாநிலங்களிலிருந்து வந்தது. கியூபா 1990களில் இரசாயனமின்றிப் பயிரிடக் கற்றதென்றால், சோவியத் ஒன்றியம் வீழ்ந்தமையால் நேர்ந்த நெருக்கடியே அதற்குக் காரணம். இவற்றைக் காலமும் சூழலும் நீக்கி மேற்கோள் காட்டுதல் ஆய்வாகாது.

தமிழ்நாட்டின் அனுபவம் நமக்கு இருவகையிற் பாடமாகும். பசுமைப் புரட்சி தஞ்சையிலே நெல்லைப் பெருக்கிய காலத்தில், பெருகிய நெல்லிற் கூடுதற் கூலி கேட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பத்தினர் 44 பேர் 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியிலே எரிக்கப்பட்டனர். உற்பத்திச் சக்தி வளர்ந்தபோதும் உற்பத்தி உறவு மாறாவிடின் நிகழ்வது யாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை. மறுபுறம், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தை விட்டு வெளியேறிய நம்மாழ்வாரும், 170க்கு மேற்பட்ட மரபு நெல்லினங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமனும் ஊரூராகச் சென்று, விதையைக் கொடுத்து, அடுத்த போகத்தில் இரு மடங்காகத் திரும்பப் பெற்று ஓரியக்கத்தை வளர்த்தனர். அவர்களின் அறிவியற் கூற்றுகள் சிலவற்றை நாம் ஏற்காதிருக்கலாம். ஆனால் அங்கு கமக்காரன் மறுக்கும் உரிமையோடு பங்குபற்றினான் என்பது கருதத்தக்கது. மறுக்கும் உரிமை இல்லாதவிடத்து இயற்கை வேளாண்மையும் இன்னோர் இரசாயனமே.

8

முதலாளித்துவ வேளாண்மையின் ஒவ்வொரு முன்னேற்றமும் உழைப்பாளியை மட்டுமன்றி மண்ணையும் கொள்ளையிடும் கலையின் முன்னேற்றமாகும் என்ற கருத்தை 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்திலே மார்க்ஸ் முன்வைத்தார். லீபிக்கின் மண்ணியல் ஆய்வை அவர் கூர்ந்து கற்றவர். அக் கருத்தில் மண்ணும் உழைப்பாளியும் இணைத்தே கூறப்படுகின்றனர். நமது விவாதத்தில் ஒரு சாரார் மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பாளியை மறந்தனர். மற்றைய சாரார் விளைச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டையும் மறந்தனர்.

2022 சூலையில் மக்கள் எழுச்சியினால் சனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். 2023 நவம்பரில் பொருளாதார வீழ்ச்சிக்கு அவரும் அவருடைய சகோதரர்களும் பொறுப்பானவர்கள் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வெழுச்சியிலே கமக்காரரின் சீற்றத்துக்கும் பங்குண்டு. எனினும் தடை நீங்கியபின் திரும்பிவந்தது யாது? பன்மடங்கு விலையேறிய யூரியாவும் பழைய கடனுமே. கமநல சேவை நிலையத்தின் முன் வரிசையில் நிற்கும் கமக்காரனிடம் எதை, எவ்வளவு, எப்போது என்ற வினா இன்னமும் கேட்கப்படுவதில்லை.

களனி ஆற்றின் கரையிலே, வயல்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டுக் களஞ்சியங்களும் தொழிற்சாலைகளும் எழுந்த நிலத்திலே வாழும் நாம், பேலியகொடைச் சந்தையின் விலைப்பலகையிலேதான் வயலைக் காண்கின்றோம். அப் பலகையில் விலை ஏறும்போது நவீன வேளாண்மையின் பக்கமும், நோய்ச் செய்தி வரும்போது இயற்கை வேளாண்மையின் பக்கமும் சாய்வது நுகர்வோனின் இயல்பு. ஆய்வாளனின் பணி அதற்கு அப்பாற்பட்டது. மண்ணின் நைதரேற்றை அளப்பதும், சிறுநீரக நோயின் காரணத்தைத் துருவுவதும், எந்த இரசாயனத்தை எத்தனை ஆண்டுகளில் நீக்கலாம் எனக் கணிப்பதும் செய்யப்படவேண்டியவை. அக் கணிப்பு தெரிவுசெய்யப்பட்ட கமக்காரர் குழுவொன்றின் முன் வைக்கப்படுதலும், குத்தகைக்காரனும் கூலியாளும் தோட்டப் பெண்ணும் அக் குழுவில் இடம்பெறுதலும் அவற்றோடு ஒருங்கே செய்யப்படவேண்டியவை. 1958இல் பாதியிலே கைவிடப்பட்ட அந்தப் பணியை மீளத் தொடங்காத வரை, அடுத்த வர்த்தமானி எப் பக்கம் சார்ந்ததாயினும், அது வயலுக்கு மேலிருந்து வந்த ஆணையாகவே இருக்கும்.